சிவப்பு வட்டம் போட்ட நாள்

லிப்ட் மெக்கானிக் ஒருவருக்கு 'ஜட்ஜ்' என்று பட்டப்பெயர் கிடைப்பது லேசான காரியமா? பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்கிற மனிதர்தான். ஆனால் மத்திய அலை வானொலியில் தூர தேசத்து நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்கிற பதினெட்டுப் பேர் சங்கத்தில் அவர் வைத்ததே சட்டம். யார் எந்த நிலையத்தைக் கேட்டதாக எழுதி அனுப்பினாலும், அதைச் சரிபார்த்து 'ஏற்கப்பட்டது' என்றோ 'சாத்தியமில்லை' என்றோ மாத இதழில் போடுவது அவர் பொறுப்பு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

தீர்ப்புக்கு அவர் நம்பியது சூரியனை. சூரியன் சாதுவாக இருந்தால், இருட்டில் அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பித் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் ஓடும். சூரியன் சீறிக் காந்தப்புயல் கிளம்பினால் தூரத்துக் குரல்கள் அடங்கிப் போகும். காலண்டரில் புயல் நாட்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருப்பார். அன்றைக்குத் தூரத்து நிலையம் கேட்டது என்று யாராவது வந்தால், முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்வார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படி வந்து மாட்டியவர் சொந்த மைத்துனர், மனைவியின் அண்ணன். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன் மாவு பிசையும்போது பேச்சுத் துணைக்கு ஒரு பழைய ரேடியோ வைத்திருந்தார். தெற்குக் கடலில் ஒரு குட்டித் தீவின் நிலையத்தைக் கேட்டதாகவும், கப்பல் வரும் நேரத்தைப் படித்த பெண் நடுவில் தும்மியதாகவும் எழுதிக் கொடுத்தார். அது சிவப்பு வட்டம் போட்ட நாள். பதினோரு வருடமாக ஜட்ஜ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த தீவும் அதுதான். 'சாத்தியமில்லை' என்று எழுதினார். சங்கத்தில் மைத்துனருக்குத் 'தும்மல்காரர்' என்று பெயர் விழுந்தது. அதோடு அவர் ரேடியோவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

இந்த வாரம் புதிதாகக் கட்டிய ஏரியல் கம்பியைச் சோதிக்க, புயல் நாள் என்றும் பாராமல் ஜட்ஜ் விடியற்காலையில் ரேடியோவைத் திருப்பினார். வழக்கமாகத் தீவின் அலைவரிசை எண்ணில் தொண்டை கிழியக் கத்தும் வடக்கத்திப் பெரிய நிலையத்தைக் காணோம். அதன் இடத்தில் அந்தத் தீவு, பக்கத்து வீட்டில் பேசுவது போல் கேட்டது. புயல் துருவத்தை ஒட்டி வரும் அலைகளைத்தான் அதிகம் தின்னும். வடக்கே பெரியவன் வாயை மூடினால், தெற்கே அடியில் கிடக்கும் சின்னவன் குரல் மேலே வரும்.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த விஷயம் அவருக்குப் புதிதல்ல. அந்தத் தீர்ப்பை எழுதுவதற்கு முந்தின நாளே ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பக்கத்தை மூடிவிட்டார்.

வேலைக்குப் போகிற வழியில் பேக்கரியின் பின்வாசலில் நின்று, புயல் நாளில் தீவு கேட்டது என்று மட்டும் சொன்னார். ரொட்டித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த மைத்துனரின் கை நின்றது.

"நெஜமாவே இருந்துச்சா மாப்ள? காதுல கோளாறுன்னு தங்கச்சிதானே என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. அப்ப புத்திதான் சரியில்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

அன்றைக்கு வண்டி பிடித்து இருவரையும் ஏற்றி அனுப்பியது ஜட்ஜ்தான்.

மைத்துனர் சிரித்தார். ஆறு வருடப் பாரம் இறங்கிய சிரிப்பு. "விடுங்க மாப்ள. தெரியாமப் பண்ணினதுதானே."

தலையை ஆட்டினால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். ஜட்ஜ் ஆட்டவில்லை.

"தெரிஞ்சேதான் எழுதினேன் மச்சான். எனக்குக் கெடைக்காதது உங்களுக்குக் கெடைச்சிடுச்சேன்னு வயித்தெரிச்சல்."

மைத்துனர் தட்டைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்று மரியாதை குறையாமல் பேசியவர்.

"அவகிட்ட சொன்னியா?"

இல்லை என்றார்.

"டாக்டர் வீட்டு வாசல்ல உக்காந்து அழுதா, அண்ணனுக்குப் புத்தி பிசகிடுச்சேன்னு. முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. உன்கிட்ட நான் பேசுறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

ஜட்ஜ் வேலைக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார். கதவைத் திறந்த மனைவி, இதற்குள் ஏன் வந்துவிட்டார், உடம்புக்கு முடியவில்லையா என்று பதறி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார்.