அவணுக்குள் சப்பாத்து

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்னிங்சைட்டில் நான் ஹெல்த் வேர்க்கராக இருந்தபோது எனக்குக் கிடைத்த வேலைகளில் இதுதான் சுத்த விசர் வேலை: எங்கள் தமிழ் முதியவர்களில் எத்தனை பேருக்கு டிமென்சியா என்கிற மறதி நோய் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அப்படி ஆட்கள் இருந்தால்தான் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தமிழில் ஒரு பகல் நிலையம் திறப்பார்கள்.

எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். மறதி மட்டும் ஒருவருக்கும் இல்லை. "பக்கத்து வீட்டில கேட்டுப் பாருங்கோ. அந்த மனிசனுக்கு நல்லா அறளை பெயர்ந்துபோச்சு" என்பார்கள். அங்கே போனால் அவர்கள் இந்த வீட்டைக் காட்டுவார்கள்.

பிலோமினா அன்ரி வீட்டில், அவருடைய கணவர் சேவியர் அங்கிளிடம் கேட்டேன்: "அங்கிள், இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன்," என்றார் அன்ரி. "அவருக்குத் தெரியும். சொல்லமாட்டார்."

அங்கிள் சிரித்துக்கொண்டு, "நீர் ஆரின்ர பிள்ளை?" என்றார். நான் வந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோப்பையை வைக்கக் குசினிக்குப் போனேன். கேக் சுடும் அவணின் கண்ணாடிக் கதவுக்குள்ளே ஒரு சோடிச் சப்பாத்து! அன்ரியின் முகம் கறுத்துவிட்டது.

"இவர் கண்டால் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிடுவார், பிள்ளை. ஒருக்கா ஹைவே பக்கத்தில பிடிச்சனாங்கள். இவரை விட்டிட்டு நான் ஞாயிறு பூசைக்குப் போயே கனகாலம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பேத்திக்குக் கலியாணம் பேசீனம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த வீட்டுக்கும் 'மறதி இல்லை' என்றே எழுதிக்கொண்டு வந்தேன்.

கந்தோரில் மனேஜர் நிஷா, இங்கேயே பிறந்த பிள்ளை, தலையில் கைவைத்தாள். "அக்கா, சீரோ எண்டு ரிப்போர்ட் போனா சென்டர் கான்சல். எங்கட ஆக்கள் எல்லாரும் என்ன சூப்பர்மானா?"

உதவி வேணுமா என்று கேட்டால் எங்கள் சனம் கதவைச் சாத்தும். உதவிக்கு வாங்கோ என்றால் செத்த வீட்டுக்கும் சட்டி பானையோடு வந்து நிற்கும். தமிழ்க் கடைகளில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: 'மறதி உள்ளவர்களைப் பார்க்க வொலன்டியர் தேவை. வீட்டில் தனியே விட முடியாதவர்களையும் கூட்டி வரலாம்.'

சொன்ன நாளில் ஹோல் நிரம்பிவிட்டது. இருக்கக் கதிரை காணாது. ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் தத்தம் ஆட்களோடு முட்டுப்பட்டார்கள். முதலில் முழித்தார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதில ஆர் வொலன்டியர், ஆர் பேஷன்ற்?" என்றாள் நிஷா.

"எல்லாரும் வொலன்டியர்தான். நீர் கதிரையை எடும்," என்றேன்.

அன்றைக்கு வந்த கூட்டத்தைக் காட்டித்தான் நிலையம் திறந்தோம். சேவியர் அங்கிளுக்கு அங்கே பிஸ்கற் கொடுக்கும் வேலை. ஒவ்வொருவரிடமும் "நீர் ஆரின்ர பிள்ளை?" என்பார். அவர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சந்தோசம்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்: எங்கள் சனத்திடம் என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டுப் போகாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். வருத்தமும் கூடவே வரும்.

ஒரு வியாழன் பிலோமினா அன்ரி பெரிய கேக் ஒன்றோடு வந்தார். அங்கிள் வாசல் கதவைத் திறந்தால் சத்தம் போடுகிற மணி ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரி கதவில் மாட்டிக் கொடுத்தாராம்.

"சப்பாத்தை வெளியால எடுத்திட்டன், பிள்ளை," என்றார். "கனகாலத்துக்குப் பிறகு அவணில கேக் போட்டனான். சாப்பிடு."