வற்றாத வீக்கம்

வானொலியில் செய்தி வாசிப்பவருக்குப் பிழைப்பும் வாயால்தான், வாங்கிக் கட்டிக்கொள்வதும் வாயால்தான். அதிலும் 'பணவீக்கம்' என்ற சொல்லை வாசித்த சகபாவிகளுக்கு நான் படுகிற பாடு விளங்கும்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மாலினி வருவாள். என்னோடு செய்தி வாசித்து ஓய்வுபெற்றவள். நுகேகொடையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அந்தச் சனநெருக்கத்துக்குள் நான் போய் மனம்விட்டுக் கதைக்க முடியாது. இங்கே வருவதென்றாலோ வெறுங்கையோடு வரமாட்டாள். விலைவாசி ஏறியதும், "எல்லாம் குறையட்டும், வாறன்" என்று நின்றுவிட்டாள். அந்தச் சனிக்கிழமைகள் போனது எனக்குப் பெரிய இழப்பு.

மரக்கறிக் கடை

ஒரு காலை, "பணவீக்கம் குறைந்துள்ளது" என்று வாசித்தேன். மாலினியை நினைத்துக் குரலில் கொஞ்சம் சந்தோஷமும் ஏறிவிட்டது. பின்னேரம் கடைக்குப் போய்ப் போஞ்சி என்ன விலை என்றேன். முந்தின நாளைவிடக் கூடச் சொன்னார் கடைக்கார நானா. பிறகு என் குரலைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில விலை குறைஞ்ச எண்டு வாசிச்சது நீங்கதானே மிஸ்? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே!"

செய்தி அறை

அவர் மீது பிழையில்லை. கால் வீக்கம் குறைந்தால் பழைய செருப்பைப் போடலாம். பணவீக்கம் அப்படியில்லை. அது குறைந்தால் விலை முன்னைவிட மெதுவாக ஏறுகிறது என்று அர்த்தம், இறங்குகிறது என்றல்ல. இதை ஒரு வசனமாகச் சேர்ப்போமா என்று எங்கள் செய்தி ஆசிரியரைக் கேட்டேன். இளம்பிள்ளை, தலையைச் சொறிந்தார்.

"சேர்க்கலாம் அக்கா, ஆனா பிறகு சனத்துக்கு விளங்கிப் போயிடுமே?"

தொலைபேசி

கடைசியில் சம்மதித்தார். அடுத்த மாதமும் பணவீக்கம் குறைந்தது. "பொருட்களின் விலை குறைந்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை" என்று நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். வெளியே வந்ததும் மாலினிக்கு எடுத்தேன்.

"நியூஸ் கேட்டனியே? குறைஞ்சிட்டுது. சனிக்கிழமை வா, புட்டு அவிக்கிறன். ஒண்டும் கொண்டு வராதை."

மாலினி மெல்லச் சிரித்தாள்.

"கேட்டனானடி. குறையேல்லை எண்டு நீயே வடிவா விளங்கப்படுத்திப் போட்டு, இப்ப வா எண்டா என்னெண்டு வாறது?"

இத்தனை வருடத்தில் என் செய்தியைக் கடைசி வசனம் வரைக்கும் கவனமாகக் கேட்ட ஒரேயொரு நேயர், சனிக்கிழமை வரமாட்டாள்.