புற்றுமண்ணுக்கு அடியில்

சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டால் அது பக்தி. அதையே முழங்கையில் பூசிக்கொண்டால் தெருவே நின்று பார்க்கும். வாக்கப்பட்டு வந்த கொஞ்ச நாளிலேயே இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்துபோயிற்று. ஐம்பதுகளின் தொடக்கம் அது.

தலைப்பிள்ளை பிறந்து, கார்த்திகைக் குளிர் தொடங்கிய சமயத்தில் என் இரண்டு முழங்கையும் சிவந்து தடித்தன. அப்புறம் முழங்கால், காதுக்குப் பின்னால், வகிட்டோரம். அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். பாயை உதறினால் தவிடு மாதிரி உதிரும். பூனை பிறாண்டிய கீறல் ஒன்று ஆறிவிடும் என்று பார்த்தால், அந்தக் கோட்டின் மேலேயே புதிதாக ஒரு படை கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா முதலில் கரப்பான் புண் என்றாள். கரப்பான் என்றால் நீர் வடியும். எனக்கு ஒரு சொட்டு வடியவில்லை. அதிலிருந்துதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

நான் குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். வெயிலில் கிடந்தவரை எனக்கு ஒன்றும் வந்ததில்லை. நிழலில் உட்காரவைத்துச் சோறு போட்ட பிறகுதான் வந்தது. இதை மாமியாரிடம் சொன்னால் வீடு ரெண்டாகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாமியார் கெட்டவள் இல்லை, பயந்தவள். பயந்தவளிடம் மாட்டுவதற்குக் கெட்டவளிடம் மாட்டலாம் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். முதலில் என் தட்டு தனியானது, பிறகு பாய். ஒருநாள் காலையில் பால் கொடுக்கக் கையை நீட்டினேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம்ட்டி. பசும்பால் காச்சி வச்சிருக்கேன். சங்குல புகட்டுதேன்."

"ஏன் அத்தை?"

"பெருவியாதின்னு ஊரே பேசுது. பச்சப்பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்லுதது?"

கணவருக்குக் கோவில்பட்டி மில்லில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வந்தவர் என் முகத்தையும் தன் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில காட்டிருவோம்" என்றார். அவருடைய வீரம் அவ்வளவுதான். காட்டும்வரை பிள்ளையை நான் தொடக் கூடாது. அந்த வியாதிதான் என்று சொல்லிவிட்டால் நான் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை இங்கேயே இருக்கும். மாமியார் இதைச் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. கொல்லையில் சுவரைப் பார்த்து நின்று பீய்ச்சி மண்ணில் விடுவேன். உள்ளே பிள்ளை சங்கைத் தட்டிவிட்டு அழும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மாமியார் தினமும் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்தாள். தோல் வியாதிக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வருகிற அம்மன், அதில் எனக்கும் குறை இல்லை. தண்ணீரில் குழைத்துப் பூசச் சொன்னாள், பூசினேன். கழுவக் கூடாது என்பது மட்டும் அவளாகச் சேர்த்துக்கொண்டது.

"அம்மன் மண்ணத் தேச்சுக் கழுவி சாக்கடைல விடுவியோ? தோசம்ட்டி!"

ஆகவே நேற்றைய பூச்சின்மேல் இன்றைய பூச்சு. செதிலும் மண்ணும் சேர்ந்து முழங்கையில் ஓடாகக் காய்ந்து கிடந்தன.

பெருவியாதி, அதாவது குஷ்டம், வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்ப்பார்களாம். அதற்கு முன்னால் நானே பார்த்துவிடுவோமே என்று வேலியில் உடைமரத்து முள் ஒன்றை ஒடித்து முழங்கையில் குத்தினேன். வலிக்கவில்லை. அழுத்திக் குத்தினேன். அப்போதும் வலிக்கவில்லை. மறு முழங்கையும் அப்படியே. யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டர் குத்தும்போது வலித்த மாதிரிக் கத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் மாமியாரும் போனோம். பிள்ளை அவள் தோளில் தூங்கியது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அல்லது அவர் கேட்கவில்லை.

டாக்டர் மதராஸ் பக்கத்துக்காரர், நரைத்த தலை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணை மூடிக்கோம்மா. குத்தறப்போ சொல்லு."

கண்ணை மூடச் சொல்வார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மூடினேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மேசையில் ஏதோ தட்டு நகர்ந்தது. அவர் சட்டை உரசியது. இதோ, இப்போதுதான் குத்துகிறார்.

"ஆ! வலிக்குது டாக்டர்!"

"நான் இன்னும் ஊசியையே எடுக்கலையே."

கண்ணைத் திறந்தேன். மாமியார் பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "பொய் சொல்லுதா டாக்டர். உணர்ச்சி இல்லன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமா, முள்ளால குத்திப் பாத்தேன். வலிக்கல. பிள்ளையப் பறிச்சுக்கிடுவாங்க, அதான் பொய் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

டாக்டர் கோபப்படவில்லை. "எங்கே குத்தினே? இந்த மண்ணு மேலயா?" என்றார். எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து மண்ணை ஊறவைத்தார். "அம்மன் மண்ணு..." என்று மாமியார் முனகினாள். "அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்றபடி துடைத்தார். மண்ணுக்கு அடியில் வெள்ளியாக மினுங்கும் செதில். கண்ணாடித் தகட்டின் விளிம்பால் அதை மெல்லச் சுரண்டினார். ஏடு ஏடாக உரிந்தது. கடைசி ஏடும் போனதும் சிவந்த தோலில் பொடிப்பொடியாக ரத்தப் புள்ளிகள் அரும்பின.

"உன் முள்ளு இந்த மண்ணையும் செதிலையும் தாண்டவே இல்லை. மறுபடி கண்ணை மூடு."

இந்தத் தடவை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அலறினேன். ஊசி சுரீரென்று இறங்கியிருந்தது.

"இன்னொரு தடவை குத்துங்க டாக்டர்!"

குத்தினார். மறு கையையும் துடைத்துக் குத்தச் சொன்னேன். வலித்தது. முழங்காலிலும் வலித்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

டாக்டர் மாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "இது அந்த வியாதி இல்லை. சோரியாசிஸ்னு பேரு. யாருக்கும் தொத்தாது. குளிர்ல கூடும், வெயில்ல குறையும். போனாலும் திரும்ப வரும். தாராளமா பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம்."

அவர் சொன்னபடியே இந்த வயதிலும் கார்த்திகை பிறந்தால் எனக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கு மாமியார் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. என் அலறலில் விழித்த பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கு என் மார் தானாகச் சுரந்து ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. டாக்டர் எழுந்து வெளியே போனார். மாமியார் என் ரவிக்கையைப் பார்த்தாள். ரத்தம் அரும்பிய முழங்கையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

"பிடிட்டி," என்று என் மடியில் போட்டாள்.

வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவள் தன் முந்தானையை விரித்து எங்கள் இரண்டு பேரையும் மறைத்துக்கொண்டு நின்றாள். முந்தானை என் முழங்கையில் பட்டு ரத்தப் பொட்டுகள் ஒட்டின. பிள்ளை குடித்து முடிக்கும்வரை அவள் அதை விலக்கவில்லை.