கிளமெண்டியில் மூடிய கதவு

சமீபத்தில் படித்த அறிவியல் புனைகதைகளில், விண்கலத்தில் காற்று தீர்ந்துகொண்டே வரும் ஒரு நாவல் என்னைக் கட்டிப்போட்டது. தஞ்சோங் பகார் நிலையத்தில் மகளோடு ரயில் ஏறிய பிறகும் அதில்தான் மூழ்கியிருந்தேன்.

"அம்மா, கிளமெண்டி வந்துருச்சு. இறங்கலாமா?" என்றாள் ஐந்து வயது நிலா.

"ம்" என்றேன்.

நிமிர்ந்தபோது கதவு மூடிவிட்டது. அவள் வெளியே நின்றாள். கண்ணாடியைத் தட்டிக் கதறினேன், ரயில் நகர்ந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பும் ரயிலில் ஏறினேன். யாராவது கூட்டிப்போயிருந்தால்?

கிளமெண்டியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அழாதீங்கக்கா, பாப்பா பத்திரமா இருக்கு" என்றார்.

மகளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் படிக்கிறேன், அவள் பள்ளிக்குப் போன பிறகு. ரயிலில் அவள் கையைத் தவிர வேறெதையும் பிடிப்பதில்லை.