தைலம்மாள் மாற்றி ஊற்றிய மருந்து

சிதம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் தைலம்மாள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவார். நான் கூட்டித் துடைப்பேன். அவர் புவனகிரியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். ஒன்பது வருடமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. எந்தக் குடுவை யாருடையது என்று மட்டும் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

2011இல் இளவரசி என்ற ஆராய்ச்சி மாணவி அங்கே தோல் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். மேல்தோல் உதிர உதிரப் புதுத்தோலைத் தருபவை அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் கேடு மற்ற செல்களைச் சிதைக்கும். ஸ்டெம் செல்களிடம் அதை முறிக்கும் நொதி கூடுதலாக இருப்பதால் அவை தாங்கும். இதைக் காட்டத்தான் அவள் பாடுபட்டாள். அந்தக் கேட்டை உண்டாக்கும் பெராக்சைடு மருந்தை இரண்டு வகைச் செல்களிலும் விட்டு, பிறகு நீலச்சாயம் போடுவாள். செத்த செல் நீலமாகும். முதல் இரண்டு தடவையும் சாதாரணச் செல்கள் பெரும்பாலும் நீலமாயின. ஸ்டெம் செல்கள் தெளிவாக நின்றன. மூன்றாவது தடவையும் அப்படி வந்தால்தான் பேராசிரியர் ஞானசேகரன் ஏற்பார். அவளுக்குக் கொடுத்திருந்த காலம் டிசம்பரோடு முடிகிறது.

ஆயுத பூஜை லீவு முடிந்து மூன்றாவது தடவை செய்தாள். இரண்டு வகையுமே சாகவில்லை. திரும்பச் செய்தும் அதேதான். முதல் இரண்டும்தான் தப்பு, தலைப்பை மாற்று என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மிச்ச மருந்தைக் கொட்டும்போது தைலம்மாளின் விரலில் பட்டது. எப்போதும் பட்ட இடம் சுண்ணாம்பு போல வெளுத்து எரியும். அன்று வெளுக்கவில்லை. கொஞ்சநேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல வீரியமே இல்ல இளவரசி. பூஜைக்கி ஃபிரிஜ்ஜ தொடச்சப்போ அந்தக் கருப்பு பாட்டில் பிசுபிசுன்னு இருந்திச்சி. வெள்ள பாட்டில்ல மாத்தி, சீட்ட ஒட்டி, பொட்டு வச்சி ஜன்னலாண்ட வச்சேன். நாலு நாளு வெயில்ல நின்னுது."

பாட்டில் மாறியிருந்ததை இளவரசி பார்த்திருக்கிறாள். பழையது உடைந்திருக்கும் என்று நினைத்துவிட்டாளாம். வெளிச்சத்தில் அந்த மருந்து கெட்டுப்போகும், அதற்காகத்தான் கருப்பு பாட்டில் என்றாள். அவள் தைலம்மாளைக் காட்டிக்கொடுக்கவில்லை; தானாகக் கெட்டது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். வேலை போய்விடும் அக்கா, பேசாமலிருங்கள் என்று நானும் கெஞ்சினேன்.

"தானா கெட்டுதுன்னா அவுரு நம்புவாரா? வெயில்ல வச்சவ நான். நானே சொல்றேன்" என்று பேராசிரியரின் அறைக்குள் போனார்.

பேராசிரியர் முழுக்கக் கேட்டார்.

"செல்லுக்கும் சேத்து வேண்டிகிட்டியா தைலம்மா? ஒண்ணுகூட சாவலியே."

தைலம்மாள் சிரிக்கவில்லை. அவரிடம் இருந்த ஃபிரிஜ் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் பேராசிரியர். அந்தச் சாவி அதற்குப் பிறகு தைலம்மாள் கைக்கு வரவேயில்லை.

இன்னொரு தடவை செய்துகாட்டப் பேராசிரியர் ஒத்துக்கொள்ள, இளவரசி கடலூர் போய்ப் புது மருந்து வாங்கி வந்தாள். நவம்பரில் மறுபடி செய்தாள். பேராசிரியரே மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து நீலமான செல்களை எண்ணினார். சாதாரணச் செல்கள் நீலம். ஸ்டெம் செல் தட்டில் நீலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். அவர் கையெழுத்துப் போட்டதும் இளவரசி வெளியே ஓடிவந்து, வந்து பார்க்கச் சொல்லித் தைலம்மாளைக் கூப்பிட்டாள். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், இரண்டு தட்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தார்.