ஓட்டின் கீழ் கிடந்த பிள்ளை

இந்த நாட்டில் கார் நிற்கிற நிலத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார்கள். மனிதர் படுக்கிற நிலமல்ல, இருந்து சாப்பிடுகிற நிலமல்ல. மாடி வீடுகளுக்குக் கீழே, வெயில் எட்டிப் பார்க்காத பள்ளத்தில் உள்ள சீமெந்துத் தரை. அதை மெஷினால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, மெஷின் போகாத மூலைகளைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அதுதான் இப்போது என் வேலை. ஊரில் சொன்னால் பகிடி விடுகிறேன் என்பார்கள். சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் இருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள அந்தக் கட்டடத்துக்கு என்னை முதல்முறை அனுப்பிய அன்று, இடத்தின் பெயரைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எனக்கு எதற்கும் வயிறு கலக்கும், அது வேறு கதை. வாசல் மணி அடித்தால் கலக்கும், மேற்பார்வைக்காரர் காலை வணக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாலும் கலக்கும். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. அந்த நிலத்தை எனக்கு முன்பே தெரியும். அங்கே கட்டடம் எழும்புவதற்கு முன், முழங்காலில் நின்று அதைத் தூரிகையால் கூட்டியவன் நான்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. அகதி முகாமின் இரும்புக் கட்டிலில் சும்மா கிடந்து கிடந்து முதுகு நொந்துபோயிருந்த நேரம், வெளிநாட்டவர் பொலிஸ் எனக்கு வேலை செய்ய அனுமதி தந்தது. அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். அது போனால் திரும்பவும் கட்டில்தான். வேலை இதுதான்: மாடி வீடுகள் கட்டப்போகிற வயல் ஒன்றில், ரோமர் காலத்துப் பண்ணை வீடு ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. கட்டடக்காரரின் இயந்திரங்கள் வருவதற்குள் அதைக் கிண்டி, அளந்து, வரைந்து, படம் பிடித்துவிட வேண்டும். அவர்கள் அதை ‘வில்லா’ என்றார்கள். நான் ஏதோ மாளிகை என்று எண்ணிக்கொண்டு போனேன். அங்கே கிடந்தவை முழங்கால் உயரச் சுவர்களும், மாடு கட்டிய இடமும், கருகிய தானியமும், உடைந்த ஓடுகளும். தோட்டம் செய்து பிழைத்த சனத்தின் வீடு. அந்த வீட்டுக்கு நடந்த மரியாதையைப் பார்க்க எனக்கு ஆச்சரியத்தை விட எரிச்சல்தான் வந்தது. துப்புரவாக்கிய மண்ணில் கால் படக்கூடாதென்று பலகை போட்டு, பலகையில் நடந்தோம். ஒரு மண் நிறம் மாறினால் வேலையை நிறுத்தி, அதற்கு இலக்கம் எழுதிய ஒரு துண்டு குத்தினார்கள். ஊரில் ஆமி தன் முகாமை அகலமாக்க என்று எங்கள் வீட்டை இடித்தபோது ஒருவரும் தூரிகை கொண்டு வரவில்லை. அம்மாவுக்கு அம்மியைக்கூட எடுக்க நேரம் கொடுக்கவில்லை.

என்னோடு அங்கே வேலை செய்தவர் பரமண்ணை. ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். பத்து ஜெர்மன் சொல்லை வைத்துக்கொண்டு நூறு சொல்லுக்குரிய கதை கதைப்பார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தெரிந்த பத்தையும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். எங்களை நடத்தியவர் ப்ரூனர் அம்மா. ஐம்பது வயதிருக்கும், சேறு காய்ந்த சப்பாத்தோடு எங்களுக்கு முன்பே வந்து நிற்பார். அவருக்கும் நிம்மதி இல்லை. கட்டடக்காரரின் ஆள் நாளாந்தம் வந்து வேலிக்கு வெளியே நின்று, இன்னும் எவ்வளவு என்று கேட்பான். அவன் போனதும் அவர் மண்ணைச் சுரண்டுகிற கரண்டியை வாளிக்குள் படாரென்று எறிவார். என்னில்தான் கோபமோ என்று அன்று முழுக்க யோசிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி, எங்கள் ஊர்ப் பீலி ஓடு மாதிரி வளைந்த ஓடொன்று முழுசாக வந்தது. ப்ரூனர் அம்மா அதைத் தானே தூக்கினார். கீழே ஒரு பச்சைப் பிள்ளையின் எலும்புகள். கோழிக்குஞ்சின் எலும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மண்டையோடு தெரிந்தது. அவர் எங்களைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். அதைப் பரமண்ணை எனக்குத் தமிழில் சொன்னார்:

“பல்லு முளைக்காத பிள்ளையள் செத்தால் இவையள் எரிக்கிறேல்லையாம். வீட்டோடை ஒட்டித் தாட்டுவிடுறதாம். எங்கடை ஆக்கள் மாதிரித்தான் பாரன்.”

அந்தக் கடைசி வசனம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் அது யாரோ ரோமருடைய வீடு. அதற்குப் பிறகு, எங்களைப் போல ஒரு வழக்கத்தை நம்பி, எரிக்காமல், ஓட்டால் மூடி, மண் போட்டுவிட்டுப் போன ஒரு தாய் தகப்பனுடைய வீடாகிவிட்டது. படம் பிடிக்கிறவர் திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை பிள்ளை அப்படியே திறந்தபடி. மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, நாலு மூலையிலும் கல். ப்ரூனர் அம்மா போய்விட்டார். நாங்கள் சாமான்களைக் கழுவி அடுக்கிவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வருட மாசியில் ஊரில் அப்பா செத்துப்போனார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்தவன் நான். போனால் திரும்பி வர முடியாது. போய்ச் சேரவும் முடியாது. தம்பி வைத்தான். செய்தி வந்த அன்று முகாமின் பொதுக் குளியலறையில் தலையில் தண்ணீர் வார்த்தேன், வெளியே ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கிடைத்த செத்தவீடு அவ்வளவுதான்.

“அண்ணை, இதை இப்பிடியே விட்டிட்டுப் போறதோ” என்று கேட்டேன். பரமண்ணை என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக்கைத் தூக்கினார். வெட்டிக் கொட்டியிருந்த மண்குவியலில் இருந்து மிருதுவான மண்ணாக எடுத்து, நான் மூன்று பிடி, அவர் மூன்று பிடி போட்டோம். பால் தெளிக்க வேண்டும் என்றார் அவர். பால் எங்கே? கோப்பிக்கு ஊற்றுகிற சின்னக் குப்பிப் பால், காஃபிராம் என்பார்கள், வேலைக் கொட்டிலில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஒன்றை உடைத்து மண்ணின் மேல் ஊற்றினார். விரிப்பைத் திரும்ப மூடிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு பஸ் ஏறினோம். மாசிக்குப் பிறகு முதல்முறையாக அன்று எனக்கு வயிறு கலங்கவில்லை. பஸ் ஷ்லீரன் வருமட்டும்தான் அது. பிறகு திங்கட்கிழமையைப் பற்றிய பயம் தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை ப்ரூனர் அம்மா விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், பிள்ளையின் மேல் மண். படம் பிடிக்கிறவர் மூன்று கால் வைத்த கமராவோடு பக்கத்தில். யார் செய்தது என்று ப்ரூனர் அம்மா கேட்டார். பரமண்ணை முன்னுக்கு வந்து, காற்றுக்கு விரிப்புப் பறந்தது, மழை வரப்போகிறது என்று நாங்கள்தான் மண் போட்டு மூடினோம் என்றார். ஞாயிறு உண்மையிலேயே மழை பெய்திருந்தது. அந்த மனிதனுடைய அதிர்ஷ்டம் அப்படி. ப்ரூனர் அம்மா குனிந்து மணந்து பார்த்து, பால் எப்படி வந்தது என்று கேட்க, பூனை ஒன்று வருகிறது, பாவம் பார்த்து வைத்தோம் என்றார் பரமண்ணை. பூனைக்குப் பால் வைப்பதென்றால் வேலிக்கு வெளியே வைக்கச் சொன்னார் ப்ரூனர் அம்மா. எந்த இடத்து மண் என்று கேட்டு, குவியலைக் காட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். வேறு மண் கலந்தால் அதிலுள்ள ஓட்டுத்துண்டு பிள்ளையுடையதா, குவியலுடையதா என்று பிரிக்க முடியாதாம். அன்று காலை முழுக்கத் தேக்கரண்டியாலும் சின்னக் குறடாலும் எங்கள் ஆறு பிடி மண்ணையும் திரும்ப எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, மழையை நினைத்துச் செய்தது நல்ல எண்ணம்தான் என்று எங்களுக்கு நன்றி சொன்னார்.

எனக்கு அந்த நன்றிதான் தாங்கவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்குச் செய்த காரியத்தை மழையாக்கி, பாலைப் பூனைக்குக் கொடுத்து முடித்துவிட்டார் பரமண்ணை. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரைக் கேட்டேன். “வேலை போனால் நீ ஊருக்குப் போய்ப் பால் தெளிக்கலாம்” என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அதற்குள் எலும்புகளைப் பெட்டியில் வைக்க அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் காலை ‘ஸ்நூனி’ என்று அவர்கள் சொல்கிற தேத்தண்ணி நேரத்தில், ப்ரூனர் அம்மாவிடம் போனேன். “நிஹ்ட் ரேகன்” என்றேன். மழை இல்லை. “கிந்த்” என்றேன். பிள்ளை. அவர் முகம் மலர்ந்து, ஓம், பிள்ளைதான், பிறந்து சில நாள்தான் இருக்கும் என்று தன் விரலால் எலும்பின் அளவைக் காட்டினார். நான் வயதைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். குனிந்து, வெறுங்கையால் மண் அள்ளிப் போடுகிற மாதிரி மூன்று தரம் காட்டினேன். மேசையில் இருந்த காஃபிராமைத் தொட்டேன். பிறகு மண்ணைத் தொட்டேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பரமண்ணையைக் கூப்பிட்டார்.

பரமண்ணை என்னை முறைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். ப்ரூனர் அம்மா கத்தவில்லை. முதலே தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். முதலில் படம் எடுத்திருப்பாராம், அதன் பிறகு நாங்கள் பாலை ஊற்றியிருக்கலாமாம். இவர்களுடைய ஒழுங்கு எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. படத்துக்குப் பிறகு பெட்டி என்றால், பாலுக்கு எங்கே இடம்? பிள்ளையைத் திரும்ப மண்ணுக்கு விட முடியாதோ என்று பரமண்ணையைக் கேட்கச் சொன்னேன். ப்ரூனர் அம்மா நெடுக விளக்கினார். பரமண்ணை சுருக்கினார்:

“வியாழக்கிழமை மெஷின் வருதாம். இங்கை விட்டால் கல்லோடை கல்லா லொறியிலை போயிடுமாம். பெட்டியிலை எண்டால் பிள்ளை பிள்ளையா எண்டாலும் இருக்குமாம்.”

“வேறை எங்கையாவது தாட்டுவிடலாமே. சேர்ச் காணி இருக்குத்தானே.”

“ஏலாதாம். மண்ணுக்கை கிடந்து எடுத்ததெல்லாம் கன்டோன் அரசாங்கத்துக்குச் சொந்தமாம்.” பரமண்ணை கோப்பையைக் கழுவக் கொண்டுபோனபடி சொன்னார்: “எங்களை விடப் பிள்ளைக்குக் கெதியா விசா கிடைச்சிட்டுது.”

நான் சிரிக்கவில்லை. ப்ரூனர் அம்மா சொன்னது சரி என்று எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் கூடியது. பிழையாக ஒருவர் இருந்தால் அவரோடு கோபிக்கலாம். இங்கே ஒருவரும் பிழையில்லை, பிள்ளைக்கு மட்டும் மண்ணில்லை. பெட்டியை மூடும்போது அவர் என்னைத் தேடிக் கூப்பிட்டுக் காட்டினார். மெல்லிய தாள், அதற்குள் எலும்புகள், மூடியில் ஓர் இலக்கம். சூரிச்சில் ஒரு களஞ்சியத்தில் இருக்கும், விரும்பினால் வந்து பார்க்கலாம் என்றார். இன்றுவரை போகவில்லை. வாசலில் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? சொந்தமோ என்று கேட்டால்?

வியாழன் மெஷின் வந்தது. எனக்கு வேலை போகவில்லை, பனி விழுமட்டும் வேறோர் இடத்தில் கிண்டினேன். இப்போது மூன்று வருடத்துக்குப் பிறகு, கைக்குள் துடைப்பத்தோடு அதே நிலத்துக்கு வந்திருக்கிறேன். அதே நிலம் என்று சொல்வதும் பிழை. பள்ளத்தை அந்த வீட்டின் அத்திவாரத்தை விட ஆழமாகத் தோண்டிக் கார் தரிப்பிடம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் காணியில் இன்றும் நிற்கிற கல்மதிலில் இருந்து அளவு நாடாவைப் பிடித்தவன் நான். அந்த வீட்டின் சுவர் எங்கே போனது, பிள்ளை எங்கே கிடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். அது இப்போது ஒரு நீல நிறக் காருக்கு மேலே, என் தலைக்கும் கொஞ்சம் மேலே, வெறும் காற்று. அப்பாவின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்கள் என்று தம்பி சொன்னான். எங்கள் வீட்டு மண்ணில் ஆமி லொறிகள் நிற்கின்றனவாம். நான் மண் போட்ட ஒரே இடம் இதுதான். இங்கேயும் மண் இல்லை, வாகனம் நிற்கிறது.

மெஷினை ஓட்டும்போது அந்த நீலக் காரின் பக்கம் வந்ததும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். போன கிழமை மேற்பார்வைக்காரர் அதைக் கண்டுவிட்டார். அந்த இடம் மட்டும் காய்ந்தபடி, எண்ணெய்க் கறையோடு கிடந்தது. கையால் காட்டி, இங்கேயும் என்றார். என் பத்து ஜெர்மன் சொல்லில் எதை எடுத்து அவருக்குச் சொல்ல? துணியை நனைத்துக்கொண்டு போய் அந்த இடத்தையும் துடைத்தேன். மேலே பிள்ளையில் இடித்துவிடுமோ என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் துடைத்தேன்.