கக்கூஸ் கதவு எத்தனை அங்குலம்?

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில், வழக்கமான ஒட்டுக்கடையில், தே குடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார் மணியம். அரசு மருத்துவமனையில் அட்டெண்டன். என் தம்பி அங்கே கிடந்த காலத்துப் பழக்கம்.

"அண்ணே, நம்ம வெல்பேர் மிஸ் மாசக் கடைசியில ரிட்டயர் ஆவுறாங்க. தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சிறந்த சேவை விருதுக்கு டாக்டருங்களே அவங்க பேர எழுதிக் குடுத்தாங்க. மூணு தடவ. மூணு தடவயும் மேல போயி திரும்பி வந்துருச்சு. பைல்ல ஒரு கம்ப்ளேன் இருக்காம்."

"யாரு குடுத்தது?"

"எவனோ ரயில்வேகாரனாம். நன்றி கெட்ட ஜென்மம். சோத்துல உப்பு போட்டுத் தின்னுருக்க மாட்டான் லா."

நான் தேயைக் குடித்து முடித்தேன். ஆறிப் போயிருந்தது.

அந்த ரயில்வேகாரன் நான்தான்.

நானும் ரயில்வே என்று மணியத்துக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் வரவில்லை. என்னை அவ்வளவு நல்லவன் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

மிஸ் தவமணி. யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளி வார்டுக்கு வந்த நாள் முதல் வீடு போய்ச் சேரும் நாள் வரை, சேர்ந்த பிறகும், அந்தக் கேஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. யார் பார்த்துக்கொள்வார்கள், எங்கே படுப்பான், எப்படிக் குளிப்பான்... எல்லாம் கேட்பார். புதிய தனியார் மருத்துவமனைகளில் இதற்கு 'கேஸ் மேனேஜர்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அப்போது எங்களுக்கு வெல்பேர் மிஸ். அவ்வளவுதான்.

என் தம்பி சண்முகம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கூரையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே போய்விட்டது. மூன்று மாதம் வார்டில் கிடந்தான். தீபாவளி நெருங்கியது. வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மிஸ்ஸிடம் போய் நின்றேன்.

"இப்ப அனுப்ப ஏலாது, அண்ணை. உங்கட வீட்டுக் கக்கூஸ் கதவு எத்தனை அங்குலம்?"

தெரியாது என்றேன்.

அடுத்த வாரமும் அதையே கேட்டார். மூன்றாவது வாரம், நோயாளிகளைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அவருடையது தலைமுறையாக அரசாங்க ஆபீசில் உட்கார்ந்த குடும்பம். என்னுடையது தண்டவாளத்தில் குனிந்த குடும்பம். இந்தம்மா என் கக்கூஸ் வரைக்கும் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கதவை அளந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் அளக்கவில்லை. வீம்பு.

நமக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் என்ன செய்வோம்? கட்சிக் கிளைத் தலைவரிடம் போவோம். நானும் போனேன். அவர் கேட்டுக்கொண்டே மலாயில் டைப் அடித்தார். நீட்டினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்தாலும் பாதிதான் புரிந்திருக்கும்.

நாலாவது நாள் டிஸ்சார்ஜ். ஒரு படுக்கை காலியாவதில் யாருக்கு வருத்தம்?

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தம்பியை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தேன்.

வந்த அன்றே தெரிந்தது. கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால். முன்னே இரண்டு படி. சக்கர நாற்காலி கதவுக்குள் போகவில்லை. கதவைவிட நாற்காலி இரண்டு விரல் அகலம் கூடுதல். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு போனோம். முப்பது வயது ஆண்பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வந்தான்.

தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆக்கினோம். தொடவில்லை.

"ஏன்டா?"

"தின்னா போவணும்ண்ணே. வேணாம்."

அதற்குப் பிறகு சோற்றைக் குறைத்தான். தண்ணீரைக் குறைத்தான். நாற்காலியிலிருந்து அசைய மறுத்தான். தீபாவளி முடிந்து மூன்றே வாரம். முதுகுக்குக் கீழே புண். எலும்பு தெரிந்தது. திரும்ப அதே வார்டு.

மிஸ் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார். புண்ணைப் பற்றி மட்டும் நர்ஸிடம் கேட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். கையில் ஒரு பேண்டேஜ் சுருள். அதைக் கக்கூஸ் கதவில் பிடித்து, அகலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். படி உயரத்துக்கு ஒரு முடிச்சு. கட்டில் உயரத்துக்கு ஒரு முடிச்சு. சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிறகு எல்லாம் நடந்தது. குறுகலான நாற்காலி எங்கிருந்தோ வந்தது. ரயில்வேக்கு எழுதிப் படியை மறைத்துப் பலகைச் சரிவு போடவைத்தார். வாரம் ஒரு முறை நர்ஸ் வந்தார். தம்பியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று மிஸ்ஸே எனக்கு வார்டில் வைத்துப் பழக்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. தவறக்கூடாது.

சண்முகம் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தான். இன்னொரு புண் வரவில்லை. போன வருடம் நெஞ்சு அடைத்துப் போனான். கருமாதி முடிந்த மறுநாள் மிஸ் வேனோடு வந்தார்.

"கதிரையைத் தர ஏலுமோ, அண்ணை? கிள்ளானில ஒரு பொம்பிளைப்பிள்ளை காத்துக்கொண்டிருக்கு."

தம்பி உட்கார்ந்த நாற்காலி. அன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மணியம் சொன்ன மறுநாள் மருத்துவமனை ஆபீசுக்குப் போனேன். புகாரைத் திருப்பி வாங்க வந்தேன் என்றேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண்.

"வாங்க முடியாது அங்கிள். அப்பவே விசாரிச்சு முடிச்சாச்சு."

"என்ன முடிவு?"

"தப்பு எதுவும் இல்லன்னு போட்டுருக்கு. ஆனா பேப்பர் பைல்ல இருக்கும் இல்லயா?"

நான் கையெழுத்துப் போட்டதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தயங்கினாள். பிறகு அந்தத் தாளை எடுத்துத் தமிழில் சொன்னாள். 'இந்த அதிகாரி ஏழைத் தொழிலாளர்களை மனிதராக மதிப்பதில்லை. பிறர் முன்னிலையில் அவமானப்படுத்துகிறார்.'

கிளைத் தலைவர் மேல் பழி போட ஆசையாக இருந்தது. முடியவில்லை. அன்றைக்கு அவரிடம் நான் சொன்ன வார்த்தைகள்தான் அவை.

"பாராட்டி எழுதித் தரட்டுமா?"

"அதுக்கு நிரப்பற பாரம் எதுவும் இல்ல அங்கிள். சும்மா பேப்பர்ல எழுதிக் குடுங்க. எந்த பைல்ல போடறதுன்னு கேட்டுப் பாக்கறேன்."

"விருதுக்கு ஆகுமா?"

"லிஸ்ட் போன வாரமே மேல போயிருச்சு. அவங்க பேரு இல்ல."

மிஸ்ஸின் அறைக்குப் போனேன். மேசையில் பாதி காலி. பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மிஸ், அந்தக் கம்ப்ளேன் குடுத்தது நான்தான்."

"தெரியும். அண்டைக்கே காட்டி விளக்கம் கேட்டவை."

"அன்னிக்கேவா? தெரிஞ்சுமா எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"கதவு அளக்க வந்தனான். உங்களைப் பாக்க வரேல்லை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சண்முகத்தை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பினனீங்கள்?"

"ரெண்டு மணிக்கு ஒரு தடவ."

"ஒம்பது வருஷமும்?"

"ஆமா, மிஸ்."

"அப்ப சரி." பெட்டிக்குத் திரும்பினார். அவ்வளவுதான் பேச்சு.

சரி என்றால் எது சரி? அவர் வேலை சரி. என் தம்பி உடம்பு சரி. என் கணக்கு அப்படியே நிற்கிறது.

முப்பது வருடம் அடுத்தவன் வீட்டுக் கதவை அளந்தவர், மாதக் கடைசியில் கைப்பையோடு பஸ் ஏறிப் போய்விடுவார். மாலை கிடையாது, மேடை கிடையாது. நடுவில் என் கையெழுத்து நிற்கிறது.

அதனால் பத்திரிகையில் வரும் என் இந்த வாரப் பத்தியை அவருக்கு எழுதுகிறேன். என் பேரைப் போட்டு, யார் புகார் கொடுத்தது என்பதையும் போட்டு. மணியமும் படிப்பார். படிக்கட்டும்.

அச்சானதும் வெட்டி எடுத்துக்கொண்டு போய் அந்தக் கவுண்டரில் கொடுப்பேன். இதை எந்தப் பைலில் வைப்பது என்று அந்தப் பெண் கேட்டுப் பார்க்கவேண்டும்.

என் புகாரை எந்தப் பைலில் வைப்பது என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.